சீனியர் சர்டிபிகேட்டும் பதினேழாம் எண்ணும்

என் மருமகள் பம்பாய்ப் பக்கம் கோபர்கைரனேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆசிரியர்களுக்கான மேல் சான்றிதழ் ஒன்றுக்கு இப்போது மனுப் போடுகிறாள். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, "அத்தை, உங்க காலத்துல இதுக்கு என்னென்ன கேட்டாங்க?" என்றாள். ஐந்து இணைப்புகள் என்று ஆரம்பித்து நான்கைச் சொன்னேன். ஐந்தாவதைச் சொல்ல வாய் வரவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. எண்பத்து நாலு வயதில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் எழுந்து ஓடுகிறேன். பேசினால் வராதது எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். அங்கே கற்றதில், கரும்பலகையில் கோணாமல் எழுதுவது ஒன்றுதான் பம்பாயில் உதவியது என்று வேடிக்கையாகச் சொல்வேன். கல்யாணமாகி செம்பூருக்கு வந்தேன். வீட்டுக்காரர் தையல்காரர். மழைக்காலத்தில் அவர் கடை பாதி நாள் மூடிக் கிடக்கும். வீடு என் வேலையை நம்பித்தான் ஓடியது. அறுபதுகளின் நடுவில் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவு எனக்குக் கிடைத்தது. செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, சயனில் இறங்கி நடப்பேன். சாயங்காலம் அதே வழியில் திரும்பிவிடுவேன். அதனால் தாராவிக்குள் யார் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை. இந்தச் சாக்கை எனக்கு நானே எத்தனை முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

தலைமை ஆசிரியர் வெங்கடராமன் சார் மாட்டுங்காவிலிருந்து நடந்தே வருவார். வந்ததும் குடையை ஆணியில் மாட்டி, நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, பேனா முள்ளைப் பழைய வேட்டித் துணியில் ஒற்றிவிட்டுத்தான் உட்காருவார். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்துக்கொண்டு போவார். "எழுதறவாளுக்கு முடிக்கற அவசரத்துல கைதவறும். தப்பெல்லாம் கடைசியிலதான் ஒளிஞ்சிண்டிருக்கும்" என்பார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கி, 'நீங்கள்' போய் 'தாங்கள்' வந்துவிடும். அந்தத் 'தாங்கள்' காதில் விழுந்தால் நாங்களெல்லாம் எழுந்து நின்றுவிடுவோம்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். மே மாதம் ஊருக்குப் போனால், ஜூனில் பள்ளி திறந்தாலும் வர மாட்டார்கள். விதைப்பு, கல்யாணம், அம்மன் கொடை எல்லாம் முடிந்து ஆடியில்தான் ரயிலேறுவார்கள். ஆனால் மேலிடத்தில் ஜூன், ஜூலை வருகையின் சராசரியைப் பார்த்துத்தான் பிரிவுகளை வைத்துக்கொள்ளவும் எடுத்துவிடவும் செய்வார்கள். முப்பதுக்குக் கீழே போனால் பிரிவு போய்விடும், அதோடு அந்த ஆசிரியரும். அதனால் ஊருக்குப் போன பிள்ளைகளும் வந்ததாகப் பதிவேட்டில் கறுப்பு மையில் கோடு போடுவோம். காலையில் ஒரு சாய்கோடு, மதியம் அதை வெட்டி இன்னொன்று. இதற்கு எங்களுக்குள் 'ஊர்க்கோடு' என்று பெயர். எல்லா வகுப்பிலும் உண்டு. சார் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். மாதக் கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவார்.

திடீரென்று யாராவது மேற்பார்வைக்கு வந்து பெயர் கூப்பிடச் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. வராத பிள்ளைக்கு, வந்திருப்பவர்களில் அடுத்த எண்ணுள்ள பிள்ளை பதில் சொல்ல வேண்டும். பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று தினமும் அப்படியே சொல்ல வைப்போம். நான் சொல்லப்போகிற வருடம், பள்ளி திறந்த அன்று நானே பிள்ளைகளிடம் சொன்னேன்: "ஒரு ஆள் குறைஞ்சாலும் இந்த வகுப்பை எடுத்துருவாங்க. பொறவு டீச்சரை ஊருக்கு அனுப்பிருவாங்க." பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம்தான் சுற்றறிக்கை வந்திருந்தது. ஆட்குறைப்பு என்று வந்தால் சீனியர் சர்டிபிகேட் என்ற மேல் சான்றிதழ் இல்லாதவர்கள் முதலில் போவார்கள். வேலையில் இருந்துகொண்டே தனித்தேர்வராக மனுப் போடலாம். ஐந்து இணைப்புகள்: பயிற்சிச் சான்றிதழின் நகல், பணிப்பதிவேட்டின் நகல், வகுப்பின் வருகைப் பதிவேட்டின் நகல், பாடக்குறிப்பு, ஐந்தாவதாக ஒரு 'குழந்தைக் குறிப்பேடு'. வகுப்பில் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, செப்டம்பர் முதல் ஜூலை வரை வாரம் ஒரு முறை அது என்ன கற்றது, எப்படி மாறியது என்று எழுத வேண்டும். பிறகு இன்ஸ்பெக்டர் நேரில் வந்து ஒரு பாடம் எடுக்கச் சொல்லிப் பார்ப்பார். மராத்தி வாய்மொழித் தேர்வும் உண்டு. காய்கறிக்காரியிடம் பேரம் பேசிக் கற்ற மராத்தியை வைத்து அதைத் தாண்டிவிட்டேன்.

குறிப்பேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட பிள்ளை பேச்சியம்மாள், அந்த வருடம் செப்டம்பரில் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தவள். அடுத்த ஜூனில் பிள்ளைகளோடு நானும் மூன்றாம் வகுப்புக்கு வந்தேன். வரிசையில் அவள் பதினேழாம் எண். அவள் அப்பா தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் கட்டுகளை எண்ணிப் பழகியதாலோ என்னவோ, மனக்கணக்கில் என்னை முந்துவாள். ஆனால் வாய்விட்டு வாசிக்க மாட்டாள். புத்தகத்தைக் கொடுத்தால் இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். செப்டம்பரில் ஆரம்பித்து மே வரைக்கும் உண்மையாகவே எழுதினேன். ஏப்ரலில் ஒரு நாள் கையை எடுக்காமலேயே இரண்டு வரி வாசித்தாள். அதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஜூனில் பேச்சி வரவில்லை. ஊர்க்கோடு போட்டேன். ஆனால் குறிப்பேட்டில் வாரங்கள் காலியாக இருந்தால் பதிவேடும் குறிப்பேடும் ஒத்துப்போகாதே. எப்படியும் வந்துவிடுவாள், வந்ததும் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நானாகவே எழுதினேன். ஜூன் மூன்றாம் வாரம்: 'கையை எடுத்துவிட்டு ஒரு பத்தி வாசித்தாள்.' ஜூலை முதல் வாரம்: 'தடையில்லாமல் வாசிக்கிறாள்; குரல் தெளிவு.' சார் மாதாமாதம் அதை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினார். ஜூலை வாக்கியங்களைக் கடைசியிலிருந்து படித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பேனாவை எடுத்து ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்தார். ஐந்து இணைப்புகளையும் வெள்ளை நாடாவால் கட்டி அனுப்பினோம்.

இன்ஸ்பெக்டர் வருகிற தேதி வந்தது. அவர் வருவதற்கு முந்தைய நாள், பேச்சியின் அம்மா ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்கு வந்தாள். நான் பாடக்குறிப்பில் கையெழுத்து வாங்க நின்றிருந்தேன்.

"இவள ஒண்ணாப்புல சேக்கணும் சார்" என்றாள்.

"பெரியவ எங்க? இன்னும் ஊர்லயா?" என்று நான்தான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்து, "ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்? பெரியவ போயிட்டால்லா. பள்ளிக்கூடம் தெறந்த ஆறாம் நாளு. ரெண்டே நாளு காய்ச்சலு. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றாள். அழவில்லை. அழுது தீர்ந்தவள் போல இருந்தாள். சின்னவள் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குத் துக்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். 'தடையில்லாமல் வாசிக்கிறாள்' என்று என் கையால் எழுதியிருந்தேன். அந்த வாரம் அவள் மண்ணுக்குள் இருந்தாள். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் முதலில் நினைத்தது என் வேலையைத்தான். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் போனதும் சார் பேனா முள்ளை ஒற்றினார். ஏற்கெனவே ஒற்றிய முள். பிறகு மிக மெதுவான குரலில் சொன்னார்: "ராஜாத்தியம்மா, வருகைப் பதிவேடு வகுப்பாசிரியர் பொறுப்பு. நாளைக்கு இன்ஸ்பெக்டர் வரார். என்ன பண்றதுன்னு தாங்களே முடிவு பண்ணிக்கலாம்."

நான் முடிவு பண்ணினேன். நாளை ஒரு நாள் போகட்டும், அதற்குப் பிறகு பெயரை எடுத்துவிடலாம் என்பதே அந்த முடிவு.

மறுநாள் நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் மராத்திக்காரர், பெரிய மீசை, முழங்கால் வரை நனைந்த பேன்ட். கெட்டவர் இல்லை. பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். தமிழ் தெரியாது, சார் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். முதலில் பெயர் கூப்பிடச் சொன்னார்.

பதினாறு தாண்டியது. "பேச்சியம்மாள்" என்றேன்.

"உள்ளேன் டீச்சர்" என்று பதினெட்டாம் எண் செல்வியின் குரல் வந்தது. வழக்கம்போலத்தான் சொன்னாள். அடுத்து "செல்வி" என்றேன். அதே குரல், கொஞ்சம் தாழ்ந்து, "உள்ளேன் டீச்சர்." இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கவில்லை.

புளியங்கொட்டைகளை வைத்துப் பெருக்கல் பாடம் எடுத்தேன். இரண்டு தரம் கொட்டைகளைக் கைதவறிச் சிதறவிட்டேன். பாடம் முடிந்தது, அப்பாடா என்று நினைத்தேன். அப்போது அவர் கையோடு கொண்டுவந்த குறிப்பேட்டைத் திறந்து, சார் எழுதிய ஆங்கிலச் சுருக்கத்தில் விரலை வைத்து, "வோ லட்கீ கௌன் ஹை?" என்றார். வாசிக்கவே மறுத்து, இப்போது வாசிக்கிறாளே, அந்தப் பெண் யார், அவள் வாசிப்பதைக் கேட்க வேண்டும் என்றார்.

நான் சாரைப் பார்த்தேன். சார் ஜன்னலைப் பார்த்தார். லீவு என்று சொல்ல வழியில்லை. பத்து நிமிடத்துக்கு முன்புதான் அவள் 'உள்ளேன்' சொல்லியிருந்தாள். அந்த இடத்தில் என்னால் உண்மையைச் சொல்லியிருக்க முடியும். எத்தனையோ தரம் மனதுக்குள் சொல்லியும் பார்த்துவிட்டேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, "பேச்சியம்மா, எந்திரி" என்பதுதான்.

செல்வி எழுந்தாள். அவளிடம் நான் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்று, இடது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்படியே பேச்சி நிற்கிற மாதிரி. இன்ஸ்பெக்டர் குனிந்து அந்தக் கையை மெல்ல இறக்கிவிட்டார். "மழை பெய்தது. குளம் நிறைந்தது. கொக்கு வந்தது" என்று செல்வி வாசித்தாள். பாடம் முழுவதையும் வாசித்தாள். வகுப்பில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் பக்கத்துப் பிள்ளையை இடிக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் அப்படி அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் "ஷாபாஷ்" என்று செல்வியின் தலையைத் தட்டிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் செல்வி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்று தகவல் வந்தது. காய்ச்சல் என்ற சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. ரயிலில் உட்கார முடியவில்லை. பேச்சிக்கும் இரண்டே நாள்தானே? மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் குடையை எடுத்துக்கொண்டு செல்வியின் வீட்டைத் தேடிப் போனேன்.

அவள் அம்மா முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "காய்ச்சலு விட்டுட்டு டீச்சரம்மா. ஆனா பேரு சொல்லிக் கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கா. செல்வி செல்வின்னு தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் சும்மாவே பாத்துக்கிட்டுக் கெடக்கா. அதான் பயமா இருக்கு."

பாயில் சுருண்டு கிடந்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"டீச்சர், நானும் செத்துருவனா?"

"ஏம்ளா அப்படிக் கேக்க?"

"பேச்சின்னு கூப்பிட்டதுக்கு நாந்தான ஜவாப் சொன்னேன். அப்பம் அவளுக்கு வந்தது எனக்கும் வரும்லா."

"பேச்சி செத்தது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பமே தெரியும். அவ அப்பாவுக்குத் தந்தி வந்துட்டு. வகுப்புல எல்லாருக்கும் தெரியும் டீச்சர்."

"தெரிஞ்சுமா தெனமும் சொன்ன? ஏம்ளா சொன்ன?"

"நீங்கதான சொன்னிய, ஒரு ஆளு கொறஞ்சாலும் ஒங்கள ஊருக்கு அனுப்பிருவாவன்னு."

ஏழு வாரம். செத்துப்போன சிநேகிதிக்காகக் காலையில் ஒரு 'உள்ளேன்', மதியம் ஒரு 'உள்ளேன்'. வகுப்பே வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, என் வேலை போய்விடக் கூடாது என்று. அந்தப் பிள்ளையின் தலையைத் தடவ என் கை வரவில்லை. "ஒனக்கு ஒண்ணும் ஆகாது. தப்புப் பண்ணினது நான். அத நான் சரி பண்ணுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அன்று பிற்பகலே ஒரு கடிதம் எழுதினேன். குறிப்பேட்டில் உள்ள மாணவி ஜூன் மாதமே இறந்துவிட்டாள். அதற்குப் பிந்தைய குறிப்புகள் நான் பொய்யாக எழுதியவை. இன்ஸ்பெக்டர் முன்னால் வாசித்தது வேறு பிள்ளை. என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். அதைச் சாரின் மேசையில் வைத்தேன்.

அவர் கடைசி வரியிலிருந்து முதல் வரி வரை படித்தார். "இதை அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமோன்னோ?"

"தெரியும் சார்."

"எனக்கு ரிட்டயர் ஆக ஒண்ணரை வருஷம் பாக்கி. ஆத்துல ரெண்டு பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா." அவர் குரல் உடைந்தது. நான் பயப்பட்டுக்கொண்டே இருந்த அந்த மனிதர் என்னைவிடப் பயந்து போயிருந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பயம் அதிகமானது.

"நான் மட்டும் பண்ணினதா எழுதியிருக்கேன் சார். உங்களச் சொல்லல."

"பாத்தேன்." பேனா முள்ளை ஒற்றினார். பிறகு என் கையெழுத்துக்குக் கீழே, அந்த மணிமணியான எழுத்தில், அந்தப் பெண் இறந்தது இன்ஸ்பெக்டர் வந்த நாளுக்கு முன்பே தனக்கும் தெரியும் என்றும், பதிவேட்டுக்குத் தானும் பொறுப்பு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினார். "இனிமே போய் உங்க ரிஜிஸ்டரைச் சரி பண்ணுங்கோ" என்றார்.

விசாரணை முடிய இரண்டு மாதமாயிற்று. தபால்காரரைக் கண்டாலே வகுப்பை விட்டு வாசலுக்குப் போய் நிற்பேன். கடைசியில் மூன்று வருடம் மனுப் போடத் தடை. 'பி' பிரிவை எடுத்துவிட்டுப் பிள்ளைகளை 'ஏ' பிரிவோடு சேர்த்தார்கள். என்னைத் தேவ்நார் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்குத் தற்காலிகமாக மாற்றினார்கள். சாருக்கு எழுத்துமூலமாகக் கண்டிப்பு. அந்த சர்டிபிகேட் எனக்கு ஐந்து வருடம் கழித்து, வேறொரு பிள்ளையைப் பற்றிய குறிப்பேட்டோடு கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பெட்டியில் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம்விட, செல்வி பள்ளிக்குத் திரும்பி வந்த காலைதான் என் மனதில் நிற்கிறது. இரண்டு வாரம் போயிருந்தது. அதற்குள் சிவப்பு மையில் பேச்சியின் பெயரை அடித்து, ஊர்க்கோடுகளுக்கு மேலெல்லாம் வராததற்கான சுழி போட்டிருந்தேன். ஆனால் செல்வியும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று வகுப்பில் அதுவரை வாய் திறக்கவில்லை. பதினாறைக் கூப்பிட்டதும் பதிவேட்டை மூடினேன்.

"பேச்சியம்மாள் செத்துப்போயிட்டா. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். இனிமே அவளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்" என்றேன்.

முதலில் கடைசி வரிசையில் ஒரு விசும்பல் கேட்டது. பிறகு அதற்கு முன் வரிசையில். ஒரு நிமிடத்தில் வகுப்பே வாய்விட்டு அழுதது. பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து வாசலில் நின்றார். தோழி செத்து இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் அழுதார்கள். அதுவரை அவள் வகுப்பில் இருப்பதாக அல்லவா நான் வைத்திருந்தேன். அவர்கள் எப்படி அழுவார்கள்?

அழுகை ஓய்ந்ததும் பதிவேட்டைத் திறந்து, "செல்வி" என்றேன். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவள் எழுந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர், இனிமே நான் எனக்கு மட்டும் சொன்னாப் போதுமா?"